54 சீட்டும் முதுகில் ஒன்றுபோல் இருக்க வேண்டும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஏரிப் பறவைகளை வைத்து 54 சீட்டுக்குப் படம் வரைந்திருக்கிறீர்கள். உள்ளூர் டிஜிட்டல் பிரஸ்ஸில் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை) ஆர்ட் கார்டில் அடித்து, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன் போட்டு ஒரு மாதிரிக் கட்டு தந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கலைக்க முடியவில்லை, "விசிட்டிங் கார்டு கட்டு மாதிரி இருக்கு" என்கிறீர்கள். 200 கட்டு வேண்டும், பெட்டியோடு. எந்தப் பேப்பர் போடலாம், பெட்டியை எப்படிச் செய்வது என்பது கேள்வி. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பேப்பரை மட்டும் மாற்றினால் உங்கள் குறை தீராது. 54 படங்கள் எப்போது ஒரு சீட்டுக்கட்டு ஆகின்றன என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

சிவகாசியில் 23 வருடமாக அச்சு வேலையில் இருக்கிறேன். முதலில் பிளேட் போடும் இடத்தில், அப்புறம் பஞ்சிங், பாக்ஸ் பேஸ்டிங் பக்கம். சீட்டு வேலை எப்போதாவதுதான் வரும். அது மற்ற எந்த அச்சு வேலையைப் போலவும் இல்லை என்பதை ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு, தாம்பூலப் பையில் போட 500 கட்டு கேட்டார்கள். மெஷின் சின்னது, 54 சீட்டும் ஒரே பாரத்தில், அதாவது ஒரு தடவையில் அச்சாகும் தாளில், அடங்காது. ஸ்பேடும் ஆட்டினும் ஒரு ஜோக்கரும் சேர்த்து 27 ஒரு பாரம், டைமனும் கிளாவரும் இன்னொரு ஜோக்கரும் சேர்த்து 27 ஒரு பாரம் என்று நான்தான் லேஅவுட் போட்டேன். பின்பக்கம் நான்கு கலரில் கலந்து வரும் மெரூன். முதல் பாரம் சாயங்காலம் ஓடியது, இரண்டாவது மறுநாள் காலை. டியூப்லைட்டில் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கல்யாணத்துக்கு முந்தின இரவு மண்டபத்தில் பெரியவர்கள் ரம்மி போட உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, இதுல பாதிச் சீட்டு லேசா வெளுத்திருக்கு பாருங்க. மேல இருக்கிறது ஸ்பேடோ ஆட்டினோ, இல்ல டைமனோ கிளாவரோன்னு திருப்பாமலே சொல்லிடுவேன்" என்றார். பத்துச் சீட்டு சொன்னார், பத்தும் சரி. 500 கட்டையும் திரும்ப வாங்கி, எங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

காலண்டரில் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நிறம் கொஞ்சம் மாறினால் யாரும் கவனிக்கப்போவதில்லை. சீட்டில் அந்தக் 'கொஞ்சம்' ஆட்டத்தையே கெடுத்துவிடும். கவிழ்த்து வைத்தால் 54-இல் எது எது என்று யாராலும் சொல்ல முடியக்கூடாது. டிசைன், தாள், மை, வெட்டு எல்லாவற்றையும் இந்த ஒரு விதியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பின்பக்கம் ஒரு கூழைக்கடா நேராக நிற்கிறது. கலைக்கும்போது சில சீட்டு தலைகீழாகத் திரும்பும், அதுவே ஓர் அடையாளம் ஆகிவிடும். பின்பக்கத்தை 180 டிகிரி சுற்றினாலும் அதே படமாக வர வேண்டும். இரண்டு கூழைக்கடாக்களை ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் கால் வருவதுபோல் எதிரெதிராக வைத்தால் முடிந்தது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த லேயரை ஒரு நகல் எடுத்து 180 டிகிரி சுற்றி, மூலத்தின் மேலேயே வைத்து, பிளெண்டிங்கை 'டிஃபரன்ஸ்' மோடுக்கு மாற்றுங்கள். திரை முழுக்கக் கறுப்பானால் சரி. எங்காவது ஒரு கோடு வெளிச்சமாக மிஞ்சினால் அந்த இடம் பொருந்தவில்லை என்று அர்த்தம். கையால் வரைந்த படங்களில் கண் பக்கத்திலும் கையெழுத்துப் போட்ட மூலையிலும் இது அடிக்கடி மாட்டும்.

பின்பக்கத்தில் வெள்ளை பார்டர் வைப்பதா வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 3 மி.மீ. பார்டர் வைத்து வெட்டு அரை மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் 3.5, மறுபக்கம் 2.5 ஆகிவிடும். கண் உடனே பிடித்துவிடும். டிஜிட்டலில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று அரை, ஒரு மி.மீ. விலகுவது சாதாரணம். ஆகவே உங்கள் வேலைக்கு பார்டர் இல்லாமல், விளிம்புவரை ஓடும் பொடிக் கோட்டு வேலைப்பாடுதான் நல்லது. அதில் நகர்வு எளிதில் தெரியாது. ஒரு குறை உண்டு: நாளானால் விளிம்பில் மை உதிர்ந்து வெள்ளை தெரியும். பார்டர் கட்டாயம் வேண்டும் என்றால் 5 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். ஆஃப்செட் (பிளேட் போட்டு அடிக்கும் முறை) என்றால் பின்பக்கத்தை நான்கு கலரில் கலக்காமல் ஒரே ஸ்பெஷல் மையில் அடிக்கச் சொல்வேன். கலவை நிறத்தில் ஏதாவது ஒரு மை கொஞ்சம் ஏறி இறங்கினாலே சாயல் மாறிவிடும். ஒற்றை மையில் அடர்த்தி மட்டும்தான் மாறும், கோட்டு வேலைப்பாடு அதையும் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆனால் 200 கட்டுக்கு ஆஃப்செட் கட்டுபடியாகாது. பிளேட், மெஷின் செட்டிங், ஓட்டிப் பார்க்கும் வேஸ்ட் தாள், இவற்றுக்கே 500 கட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி வந்துவிடும். டிஜிட்டலிலேயே போடுங்கள். 13-க்கு 19 இஞ்ச் தாளில், ஒவ்வொரு சீட்டுக்கும் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் படம்) விட்டு, 3-க்கு 6 என்று 18 சீட்டு தாராளமாக உட்காரும். மூன்று தாள் ஒரு கட்டு. இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பிரஸ்ஸில் வழக்கமாக முதல் தாளை 200 பிரதி, அப்புறம் இரண்டாம் தாளை 200 பிரதி என்று ஓட்டுவார்கள். ஓட ஓட டிஜிட்டல் மெஷினில் நிறம் மெல்ல நகரும். என் கல்யாண வேலையில் நடந்தது இங்கும் நடந்துவிடும். அதற்குப் பதிலாக 1, 2, 3, மறுபடி 1, 2, 3 என்று கட்டு கட்டாக ஓட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டின் மூன்று தாளும் சில நொடி இடைவெளியில் வெளியே வருவதால் அவற்றின் நிறம் ஒன்றாக இருக்கும். முதல் கட்டுக்கும் நூறாவது கட்டுக்கும் சாயல் மாறினால் கவலை இல்லை. ஒரே ஆட்டத்தில் அவை கலக்காத வரைக்கும் சரி.

இப்போது பேப்பர். விளையாட்டுச் சீட்டுக்கென்று செய்யப்படும் அட்டை ஒரே தாள் அல்ல. இரண்டு தாளை நடுவில் கறுப்போ நீலமோ கலந்த பசையால் ஒட்டியிருப்பார்கள். பிளாக் கோர், புளூ கோர் என்று கேட்டால் கடையில் புரியும். அந்த நடு அடுக்குதான் வெளிச்சத்தைத் தடுக்கிறது, சீட்டுக்கு விறைப்பும் தருகிறது. உங்கள் மாதிரிச் சீட்டில் ஒன்றை எடுத்து, செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஏஸின் கறுப்பு முதுகு வழியாக நிழலாகத் தெரிந்தால் அந்த அட்டை சீட்டுக்கு ஆகாது. சாதாரண ஆர்ட் கார்டை மடக்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். நல்ல சீட்டு அட்டையை வில்லாக வளைத்து விட்டால் டப்பென்று நிமிரும். 300 அல்லது 310 ஜிஎஸ்எம் பிளாக் கோர் உங்களுக்குப் போதும். எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது, முன்கூட்டிச் சொல்லி வைத்து வாங்குங்கள். அதோடு, தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க நாலு சீட்டைக் குறுக்கே படுக்க வைத்து லேஅவுட் போடுவார்கள் சிலர். விட்டுவிடாதீர்கள். குறுக்கே வைத்த சீட்டு வேறு மாதிரி வளையும். கவிழ்த்து வைத்தாலும் பழகிய கை கண்டுபிடித்துவிடும்.

கலைக்க முடியாததற்குக் காரணம் லேமினேஷன். வழவழப்பான இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் நடுவில் இருக்கும் காற்று வெளியேறி ஒட்டிக்கொள்ளும். கை வேர்வையும் சேர்ந்தால் மூன்று சீட்டு ஒன்றாக வரும். கடையில் வாங்கும் நல்ல சீட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், துணி நெசவுபோல் பொடிப்பொடிக் குழிகள் தெரியும். அமெரிக்காவில் 1885 முதல் வரும் பைசைக்கிள் சீட்டில் இதற்கு 'ஏர் குஷன்' என்றே பெயர் போட்டிருப்பார்கள். குழிகளில் நிற்கும் காற்றின் மேல் சீட்டு வழுக்கி ஓடும். எனவே லேமினேஷன் வேண்டாம். லினன் டெக்ஸ்சர், அதாவது இந்தத் துணி நெசவுக் குழிகள், உள்ள பிளாக் கோர் அட்டை கிடைத்தால் அதில் அடித்து, மேலே வாட்டர் பேஸ் வார்னிஷ் மட்டும் கொடுங்கள். கிடைக்காவிட்டால், கல்யாணப் பத்திரிகைக்கு எம்பாஸிங் ரோலர் வைத்திருக்கும் இடத்தில் அடித்த பிறகு டெக்ஸ்சர் போட்டு வாங்கலாம். குழி விழுந்த அட்டையில் டிஜிட்டல் மெஷினின் பொடி மையான டோனர் எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பதை மட்டும் நான் உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன். மெஷினுக்கு மெஷின் மாறும். இரண்டு தாள் அடித்து, நகத்தால் சுரண்டி, ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முன்பக்கப் படங்கள் மனதை நிறைக்கின்றன. அந்தப் பாம்புத்தாரா கழுத்தை வளைத்து மீனைத் தூக்கிப் போடும் சீட்டை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் எண்ணை மேலே நடுவில் வைத்திருக்கிறீர்கள். ரம்மியில் 13 சீட்டைக் கையில் விரித்தால் ஒவ்வொன்றிலும் இடது ஓரம் ஒரு செ.மீ. அளவுதான் தெரியும். எண்ணும் சின்னமும் அந்தப் பட்டைக்குள், மேல் இடது மூலையிலும் கீழ் வலது மூலையிலும் வர வேண்டும். இடதுகைக்காரர்களையும் நினைத்தால் நான்கு மூலையிலும் வையுங்கள். வெட்டும் ஓரத்திலிருந்து 3 மி.மீ.க்குள் எண்ணோ சின்னமோ வரக்கூடாது. பறவை ஒரே பக்கமாக நிற்பதும் ஆட்டத்தில் தொந்தரவு. கையில் வந்த சீட்டைத் திருப்பி நேராக்கும்போதே எதிராளிக்கு ஏதோ புரிந்துவிடும். ராஜா ராணிப் படங்கள் 19-ஆம் நூற்றாண்டில் இரட்டைத் தலை ஆனதற்கு இந்த வசதிதான் காரணம். ராஜா, ராணி, ஜாக்கி பன்னிரண்டிலாவது மேலும் கீழும் பறவை வருமாறு மாற்றுங்கள். மற்றவை நேராக இருந்தாலும் மூலை எண் சரியாக இருந்தால் சமாளிக்கலாம்.

தமிழ் எழுத்தில் குறியீடு போடும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் ராஜாவுக்கும் 'ரா', ராணிக்கும் 'ரா' என்று வைத்து, ராணிக்கு மட்டும் மேலே ஒரு பூ போட்டிருக்கிறீர்கள். விரித்த கையில் அந்தப் பூ தெரியாது. மன்னனுக்கு 'ம', ராணிக்கு 'ணி', ஜாக்கிக்கு 'ஜ', ஏஸுக்கு 'ஏ' என்று வைத்தால் நான்கும் தூரத்திலேயே வேறுவேறாகத் தெரியும், பட்டைக்குள்ளும் அடங்கும். இது என் யோசனைதான். சாதாரணத் தாளில் அடித்து, பழைய சீட்டின் மேல் ஒட்டி, சீட்டாடும் நாலு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் முதல் கையிலேயே தடுமாறினால் மாற்றிவிடுங்கள். ஆட்டின், கிளாவர் என்ற பெயர்களை அப்படியே விட்டது நல்லது. டச்சு மொழியில் அந்த இரண்டு வகைக்கும் ஹார்ட்டன், கிளாவரன் என்றுதான் பெயர். நம் திண்ணைகளில் புழங்கும் சொற்களில் அந்தச் சாயல் இன்னும் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். உங்கள் பெயரையும் முத்திரையையும் ஸ்பேடு ஏஸில் போடுங்கள், அதுதான் மரபு. இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி இருந்த காலத்தில், 1765 முதல் ஸ்பேடு ஏஸை முத்திரை அலுவலகமே அச்சிட்டுக் கொடுத்தது. வரி கட்டியதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. அந்த வரி 1960-இல் போய்விட்டது, அலங்காரம் மட்டும் இன்றும் நிற்கிறது. ஆனால் கம்பெனிகளின் ஏஸையோ ஜோக்கரையோ பின்பக்கத்தையோ பார்த்துப் போட்டுவிடாதீர்கள், அவை அவரவர் உரிமை.

அளவு, வெட்டு. போக்கர் அளவு 63-க்கு 88 மி.மீ., பிரிட்ஜ் அளவு 57-க்கு 89. 13 சீட்டு பிடிக்க அகலம் குறைந்த பிரிட்ஜ் கைக்கு இதமாக இருக்கும். உங்களுக்குப் படம்தான் முக்கியம் என்பதால் போக்கரே இருக்கட்டும். மூலையை வளைவாக வெட்ட கார்னர் கட்டர் போதும், சுமார் 3 மி.மீ. ஆரம். கட்டிங் மெஷினில் பிளேடு புதிதாகத் தீட்டியதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மழுங்கிய பிளேடு விளிம்பில் பிசிறு விடும், பிசிறு உள்ள சீட்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. 1, 2, 3 என்று கட்டு கட்டாக ஓட்டியதால் வெட்டி முடித்ததும் 18 அடுக்கு கிடைக்கும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மேலே உள்ள மூன்று மூன்றாக எடுத்தால் 54, ஒரு கட்டு. எடுப்பவர் இரண்டு பேர் என்றால் ஒருவர் எடுக்க, ஒருவர் சரிபார்க்க வேண்டும். கடைசியில் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 300 ஜிஎஸ்எம்மில் ஒரு போக்கர் சீட்டு 1.66 கிராம், 54-க்கு ஏறத்தாழ 90 கிராம். ஒன்று குறைந்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஒரே சீட்டு இரண்டு வந்து இன்னொன்று விடுபட்டால் தராசுக்குத் தெரியாது, அதற்கு விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பெட்டியைக் கடைசியாகச் செய்யுங்கள், நிஜமாகவே கடைசியாக. வரும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பெட்டியை முதலில் அடித்துவிட்டு வருகிறார்கள். சீட்டு ஒன்று 0.30 மி.மீ. என்றால் கட்டு 16.2 மி.மீ. வார்னிஷும் டெக்ஸ்சரும் சேர்ந்து சீட்டுக்கு 0.05 மட்டும் கூடினால் 54-க்கு 2.7 மி.மீ. கூடிவிடும், பெட்டி மூடாது. முடிந்த கட்டை லேசாக அழுத்திப் பிடித்து, வெர்னியர் அளவுகோலில் மூன்று இடத்தில் அளந்து, அதற்கு மேல் ஒரு மி.மீ. சேர்த்து ஆழம் வையுங்கள். அகலத்திலும் உயரத்திலும் ஒன்று, ஒன்றரை மி.மீ. கூடுதல் போதும். கட்டுக்கு மேல் செலோஃபேன் சுற்றப் போகிறீர்கள் என்றால் சுற்றிய பிறகு அளங்கள். டை (பெட்டியின் வடிவத்தை வெட்டும் அச்சு) போடுவதற்கு முன் அச்சில்லாத வெள்ளை அட்டையில் டம்மி செய்து, கட்டைப் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். தானாக வழுக்கி விழுந்தால் தொளதொளப்பு. தட்டியும் வராவிட்டால் இறுக்கம். விரல் வைத்து இழுக்க, திறக்கும் பக்கம் முன்சுவரில் அரைவட்ட வெட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

அட்டை, உள்ளும் வெள்ளையாக இருக்கும் 300 அல்லது 350 ஜிஎஸ்எம் போர்டு. பின்பக்கம் சாம்பல் நிற டூப்ளெக்ஸ் மலிவுதான், ஆனால் மடிப்பில் சீக்கிரம் வெடிக்கும். சீட்டின் விளிம்பிலும் பொடி ஒட்டும். நார் போக்கு பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும், உயரவாக்கில் ஓடினால் சுவர் புடைக்கும். ஒட்டும் மடிப்பில் மை, வார்னிஷ், லேமினேஷன் எதுவும் வரக்கூடாது, வந்தால் பசை பிடிக்காது. ஆர்ட்வொர்க்கிலேயே அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். கலர் மட்டும் மடிப்புக் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். டிஜிட்டல் டோனர் மடிப்பில் உடையும், அதனால் சீட்டில் வேண்டாம் என்று சொன்ன லேமினேஷனைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் மட்டும் போடுங்கள். தங்க ஃபாயில் ஆசை இருந்தால் பறவையின் அலகு, கண் என்று சின்ன இடங்களில், மடிப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மூடியின் மேல் ஒரு சீல் ஸ்டிக்கர் ஒட்டினால் கட்டு முழுமையாகத் தெரியும். அமெரிக்காவில் 1965 வரை சீட்டுக்கட்டுக்கு வரி முத்திரை ஒட்டினார்கள், அந்த இடத்தில்தான் இன்று அலங்கார சீல் உட்கார்ந்திருக்கிறது.

முழு பிளாஸ்டிக் சீட்டு வேலை நான் செய்ததில்லை, அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பின்பக்கச் சமச்சீர், ஒரு கட்டின் தாள்கள் அடுத்தடுத்து ஒரே ஓட்டத்தில் வருவது, நார் திசை, கட்டை அளந்த பிறகே பெட்டி என்ற நான்கும் எந்த பிரஸ்ஸிலும் மாறாது, அவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். டெக்ஸ்சரும் வார்னிஷும் உங்கள் பிரஸ்ஸின் கையைப் பொறுத்தது, மாதிரி பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்று, 200 கட்டு வேண்டும் என்றால் 215 அடியுங்கள். பெட்டி அடிபட்டது, வெட்டு கோணியது என்று நாலைந்து கழியும். மீதியைப் பிரித்துவிடாமல், ஓடிய வரிசை எண்ணைப் பென்சிலில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "நத்தைக்குத்தி நாரை ஒண்ணு தொலைஞ்சுபோச்சு" என்று வருவார்கள். புதிதாக ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தால் அது முதுகிலேயே தெரிந்துவிடும். அவர் கட்டுக்குப் பக்கத்தில் ஓடிய கட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.